மிச்சம் ஏழு மார்க்

ஆகஸ்ட் 18, திங்கள்

வேலை தொடங்கியாயிற்று. சென்னைக் கம்பெனி அனுப்பிய அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். இவர் வேன் சாவியைத் தேடுகிற சாக்கில் என்னை ஒரு சுற்று சுற்றிவிட்டு, "கலெக்டரம்மாவுக்கு டவாலி வேணுமா?" என்றார். மணிராஜுக்குக் கிண்டல் செய்யக் காரணம் வேண்டாம். பெண்டாட்டி கண்ணில் பட்டால் போதும்.

கஷ்டமான வேலை இல்லை. வீடு வீடாகப் போய்க் கருத்துக் கேட்க வேண்டும். தண்ணீர் வருகிறதா, பஸ் வருகிறதா, ரேஷன் ஒழுங்கா என்று தொடங்கி, கடைசியில் பெரிய கேள்வி: ஆட்சியில் இருக்கிற தலைவருக்குப் பத்துக்கு எத்தனை மார்க்? பெண்கள் கணக்கில் மாதம் ஆயிரம் விழத் தொடங்கிய பிறகு ஜனங்கள் தலைவரை எப்படிப் பார்க்கிறார்கள் என்று யாருக்கோ தெரிய வேண்டுமாம். யாருக்கு என்று மேற்பார்வை பார்க்கும் பிரேமலதா மேடம் சொல்லவில்லை. போனில் ஒரு ஆப் இருக்கிறது. பேசுவதெல்லாம் அதில் பதிவாகும். மேடம் போட்ட ஒரே கட்டளை: அவர்கள் சொல்வதைத்தான் போட வேண்டும், நம் நினைப்பைப் போடக் கூடாது.

எனக்கு எங்கள் ஊரையே கொடுத்துவிட்டார்கள். இங்கே எனக்குத் திறக்காத கதவு கிடையாது. மகளிர் குழுவுக்கு எழுத்து வேலை பார்ப்பவள் நான். ஆயிரம் ரூபாய்க்கு மனுப் போட்டபோது தெருவில் பாதிக்கு மேல் நான் எழுதிக் கொடுத்தது. எல்லோருக்கும் வந்தது, எழுதிக் கொடுத்தவளைத் தவிர. வீட்டில் நாலு சக்கர வண்டி இருக்கிறதாம்! தவணை கட்டி முடியாத லோடு வேன். அது எங்களைச் சுமக்கிறதா, நாங்கள் அதைச் சுமக்கிறோமா என்று எந்த ஆபீசரும் கேட்கவில்லை. மேல்முறையீடு போட்டிருக்கிறேன், அது எங்கே தூங்குகிறதோ.

என்னைக் கேட்டால் அந்தத் தலைவருக்கு இரண்டு மார்க். அதிலும் ஒன்று தயவில் போட்டது.

ஆகஸ்ட் 20, புதன்

பத்து. பத்து. பத்து. போன வீடெல்லாம் பத்துக்குப் பத்து. போன வாரம் குழாயடியில் "அவிய அப்பன் வீட்டுக் காசையா குடுக்காவ" என்று பேசிய அதே வாய்கள்.

பேபி மதினி வீட்டில்தான் விஷயம் புரிந்தது. நான் தெருமுனை திரும்புவதைப் பார்த்ததும் புது ஸ்கூட்டர் மேல் உரச் சாக்கை இழுத்துப் போட்டாள். எனக்கு நாற்காலி போட்டுவிட்டு, கழுத்துச் சங்கிலியைக் கழற்றி முந்தானையில் முடிந்தாள். நான் வாய் திறக்கும் முன்னே ரேஷன் கார்டு, ஆதார், பாங்க் புத்தகம் மூன்றும் மடியில் வந்து விழுந்தன. பத்து மார்க்கும் கேட்காமலே வந்தது.

என்ன மதினி சங்கிலியைக் கழற்றுகிறாய் என்றேன். "அது கவரிங்குல்லா" என்றாள். தை மாதம் கோவில்பட்டி நகைக்கடையில் அவளுக்கு அதைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததே நான்தான்.

வசதியானவர்களைப் பட்டியலிலிருந்து கழிக்கப் போகிறார்கள் என்று ஊரில் கொஞ்ச நாளாகப் பேச்சு. அந்த நேரம் பார்த்து நான் அட்டையும் போனுமாகப் போய் நிற்கிறேன். மனு எழுதிக் கொடுத்தவளே இப்போது சோதனைக்கு வந்திருக்கிறாள் என்று நினைக்கிறார்கள். சோதனைக்கு யாராவது வந்தால் இல்லாமையைக் காட்ட வேண்டும் என்பது இந்த ஊரில் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். நான் இது வெறும் கருத்துக் கேட்பு என்று சொல்லச் சொல்ல, அவர்கள் இன்னும் பயந்து இன்னும் சத்தமாகப் பத்து என்றார்கள்.

ஆனால் எல்லாமே பயம் என்றும் சொல்ல முடியாது. சுடலைச்செல்வி மதினி, தன் பெயரில் ஒரு பாங்க் புத்தகம் இருப்பதே அந்தப் பணத்தால்தான் என்று சொல்லும்போது கண் கலங்கினாள். அந்தப் பத்து நிஜம். அவள் புருஷன் உச்சிமாகாளி அண்ணாச்சிக்கோ விவசாயிப் பணம் இரண்டாயிரம் டெல்லியிலிருந்து வருகிறது. அவர் டெல்லித் தலைவருக்குத்தான் மார்க் போடுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். ஒரே அடுப்புக்கு இரண்டு தலைவர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, பதிவாகிவிடுமே என்று அடக்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

பிரேமலதா மேடத்துக்குப் போன் போட்டேன். இந்த மார்க்கை நம்பாதீர்கள், பயந்து சொல்கிறார்கள் என்றேன். பதிவுகளைக் கேட்டேன், எல்லாம் தெளிவாகத்தான் இருக்கிறது என்றார். "ரேணுகா, ஏன் சொல்றாங்கங்கிறது நம்ம வேலை இல்லை. சொன்னாங்களா, அதான் வேணும்."

சரி. எனக்கென்ன.

ஆகஸ்ட் 23, சனி

ஒரு ஆள், ஒரே ஆள், மனதில் பட்டதைச் சொன்னாள். என் சீனித்தாய் சித்தி.

ரத்த உறவில்லை. நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த வருஷம், இந்தக் கரிசல் சகதியில் செருப்பு புதைந்து நடுத்தெருவில் அழுதுகொண்டு நின்றவளைக் கைபிடித்துக் கூட்டிப் போனவள். அன்றிலிருந்து சித்தி. சித்தப்பா இல்லை. மகன் திருப்பூரில். மூன்று ஏக்கர் மானாவாரி நிலத்தை ஒற்றை ஆளாய்ப் பார்க்கிறாள்.

ஸ்கூட்டரும் இல்லை, மறைக்கச் சங்கிலியும் இல்லை. குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு அங்கேயே கேளு என்றாள். நாலு பேர் நிற்கிறார்களே என்று நான் தயங்கினேன். என்னைப் பார்த்து, இதனால் பணத்துக்கு ஒன்றும் வந்துவிடாதே என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். சும்மா சொல்லு சித்தி, ஒன்றும் ஆகாது என்றேன்.

"ஆயிரம் குடுக்காவ, நல்ல காரியந்தான். அந்தக் காசு இல்லைன்னா வெதைப்புக்கு நான் யாருகிட்டப் போயி நிப்பேன்? அதுக்கு மூணு போடு. மிச்சம் ஏழு மார்க்கையும் பன்னி தின்னுட்டுன்னு எழுதிக்கோ."

குழாயடியே சிரித்தது. ஆனால் அவள் சிரிக்கவில்லை. காட்டுப்பன்றி போன வருஷம் அவளுடைய மக்காச்சோளத்தில் பாதியைச் சாய்த்துவிட்டது. நஷ்ட ஈடு கேட்டு மனு, அதற்குப் பதில் இல்லை, வேலி கேட்டு மனு, அதற்கும் இல்லை. வேலிக்குப் பதிலாக இங்கே எல்லோரும் செய்வதைத்தான் அவளும் செய்கிறாள். பழைய சேலைகளைக் குச்சியில் கட்டி நிலத்தைச் சுற்றி இழுத்து விடுவது. காற்றில் ஆடினால் பன்றி ஆள் என்று நினைக்குமாம். இந்த வருஷத்துக்கும் சேலை கேட்டாள். என்னுடைய பச்சைச் சேலையும் ஒரு நைந்த சுங்கடியும் கொடுத்தேன். அடுத்த வாரம் பயிர்க்கடனுக்காகக் கூட்டுறவுச் சங்கத்தில் புதுக் கணக்கு ஆரம்பிக்கப் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே குடத்தைத் தூக்கினாள்.

மூன்று என்று அமுக்கும்போது சந்தோஷமாக இருந்தது. இத்தனை பத்துக்கு நடுவில் ஒரு மூன்று.

செப்டம்பர் 15, திங்கள்

பணம் விழுகிற நாள். காலையிலிருந்து தெருவில் ஒவ்வொரு போனாக மெசேஜ் சத்தம். பேபி மதினி எங்கள் வாசலைத் தாண்டும்போது போனை ஆட்டிக் காட்டிவிட்டுப் போனாள். எனக்கு வராது என்று தெரிந்தே காட்டுவாள்.

மாலையில் சீனித்தாய் சித்தி போனை எடுத்துக்கொண்டு வந்தாள். "இதுல மெசேஜி வந்திருக்கான்னு பாருட்டி." பார்த்தேன். ஆகஸ்ட் மாதத்து மெசேஜ்தான் கடைசி. நாளைக்கு வரும் சித்தி என்றேன்.

செப்டம்பர் 18, வியாழன்

வரவில்லை. ஊரில் அவள் ஒருத்திக்கு மட்டும் வரவில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

டீக்கடையில் சங்கிலிப்பாண்டி அண்ணாச்சி ஒரு பேச்சுப் பேசியிருக்கிறார். ஆளுங்கட்சியின் கிளைச் செயலாளர், உரக்கடை வைத்திருப்பவர். "பேசுனதெல்லாம் பதிவாயி மேல போவுதுல்லா. மூணு மார்க் போட்டா மூணு மாசத்துக்கு நிறுத்துவாவ." அவ்வளவுதான். மத்தியானத்துக்குள் அது அரசாணை ஆகிவிட்டது.

நேரே உரக்கடைக்குப் போய்க் கேட்டேன். மனுஷன் நாற்காலியை இழுத்துப் போட்டு, "வெளாட்டுக்குச் சொன்னேன் தாயி, ஊரு நம்பிட்டுன்னா நான் என்ன செய்ய?" என்றார். அப்படியென்றால் விளையாட்டுக்குச் சொன்னதாக அதே டீக்கடையில் சொல்லுங்கள் என்றேன். சிரித்தார். ஏன் சொல்லப் போகிறார்? அடுத்த வருஷம் தேர்தல். மார்க் குறைத்தால் பணம் நிற்கும் என்று ஜனங்கள் நம்பினால் அவருக்கு ஓட்டுக் கேட்கிற வேலையே மிச்சம்.

திரும்பி வரும்போது குழாயடியில் பேச்சு நின்றது. நான் கடந்த பிறகு மறுபடி தொடங்கியது.

செப்டம்பர் 24, புதன்

குழுக் கூட்டம் எப்போதும் எங்கள் வீட்டில்தான் நடக்கும். இன்றைக்குப் பேபி வீட்டுக்கு மாற்றிவிட்டார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. பாயை விரித்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன், மக்கு மாதிரி.

சாயங்காலம் கதவைத் திறந்தால் வாசற்படியில் இரண்டு சேலைகள், மடித்து வைத்திருக்கிறது. பச்சை, சுங்கடி. நான் வேலிக்குக் கொடுத்தவை.

ஓடினேன். சித்தி கதவுக்கு உள்ளே நின்றுகொண்டு பேசினாள், வெளியே வரவில்லை. "நீ சும்மா சொல்லுன்னே. நான் சொன்னேன்." அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருக்கலாமே. நாலு வார்த்தை திட்டியிருந்தா நானும் பதிலுக்குப் பேசி அழுதுட்டு வந்திருப்பேனே.

அக்டோபர் 7, செவ்வாய்

நேற்று நல்ல மழை. ஊரே விதைப்பில் இருக்கிறது. டிராக்டர்காரனைப் பிடிக்க அடிதடி.

சித்தியை ஓடைப் பக்கம் பார்த்தேன். தலையில் விதைக் கடகப்பெட்டி. இரண்டு காதிலும் வேப்பங்குச்சி சொருகியிருந்தது. கம்மல் இல்லை. சங்கத்தில் கடன் இன்னும் கைக்கு வரவில்லை, ஆயிரமும் இல்லை, மழை காத்திருக்காது. கம்மல் அடகுக்குப் போய்விட்டது. என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துக் காதை மூடிக்கொண்டாள்.



அக்டோபர் 15, புதன்

இந்த மாதமும் அவளுக்கு வரவில்லை.

இவரிடம் வாய்ச் சண்டை. ஊரில் என்ன பேசுகிறார்கள் தெரியுமா என்று ஆரம்பித்தார். தனக்குப் பணம் வரவில்லை என்ற வயிற்றெரிச்சலில் சீனித்தாய்க்கும் நிறுத்திவிட்டாளாம் ரேணுகா. வேண்டுமென்றே கிளறிக் கிளறிக் கேட்டு மூன்று போட வைத்தாளாம்.

நானா கிளறுனேன்? குடத்தை வச்சிட்டு அவளாத்தானே சொன்னா? நாலு பேரு நின்னாங்கல்லா, ஒருத்தி வாயத் தொறக்காளா பாரு! நீங்களும் அதை நம்புதீயளா என்று இவரையே கேட்டேன். "நான் நம்பல. ஆனா அந்த வேலை நமக்கு எதுக்குட்டி?" என்றார்.

அதுதான். எதுக்கு? உண்மையைத் தெரிந்துகொள்ள என்று நினைத்திருந்தேன். யாரோ ஒருத்தர் ஏசி அறையில் உட்கார்ந்து, ஆயிரம் கொடுத்தால் எத்தனை மார்க் ஏறுகிறது என்று பார்க்கிறார். அதற்குச் சித்தி காதில் குச்சி. ஒருவேளை உண்மையிலேயே அந்த மூன்று மார்க்கால்தான் நின்றதோ என்று எனக்கே சந்தேகம் வருகிறது. பதிவில் பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது. கம்பெனி யாருக்காக வேலை செய்கிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரியாமல் எப்படி ஒன்றும் ஆகாது என்று சொன்னேன்?

அக்டோபர் 18, சனி

சித்தி சங்கிலிப்பாண்டி அண்ணாச்சியைப் போய்ப் பார்த்திருக்கிறாள். லோடு இறக்கப் போன இவர் கண்ணால் பார்த்ததைச் சொன்னார். உரக்கடை வாசலில் பத்துப் பேர் முன்னால் நின்று, தெரியாமல் சொல்லிவிட்டேன் என்றாளாம். அண்ணாச்சி உடனே போனை எடுத்து, "ஒரு வயசான அம்மா, வெவரம் தெரியாம மார்க்கக் கொறச்சிட்டாவ, பெரிய மனசு பண்ணணும்" என்று யாரிடமோ பேசினாராம். அந்தப் பக்கம் யார் என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பக்கம் ஆள் இருந்ததா என்பதும் தெரியாது.

சீனித்தாய் சித்தி மன்னிப்புக் கேட்டாள். பன்றி தின்றது அவள் பயிரை, மன்னிப்பும் அவளே கேட்டாள்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. பலகாரம் கொடுத்துவிட ஆளில்லை. நாங்களே தின்றோம்.

அக்டோபர் 28, செவ்வாய்

வந்ததும் வராததுமாக எழுதுகிறேன், எழுத்துக் கோணலாக வருகிறது. பரவாயில்லை.

இவருடைய வேன் தவணை கட்டப் பாங்குக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண்ணிடம், ஒரு அம்மாவுக்கு இரண்டு மாதமாகப் பணம் வரவில்லையே என்ன காரணம் இருக்கும் என்று பொதுவாகக் கேட்டுவைத்தேன். அவள் நிமிராமலே, அந்த அம்மா வேறு எங்கேயாவது புதுக் கணக்கு ஆரம்பித்தார்களா என்று கேட்டாள். ஆதார் கடைசியாக எந்தக் கணக்கோடு சேர்ந்ததோ அதில்தான் பணம் போய் விழுமாம். தினமும் நாலு பேர் இதைக் கேட்டு வருகிறார்களாம்.

கூட்டுறவுச் சங்கம்! பயிர்க்கடன் கணக்கு! அவள் என்னிடம் சொன்னாளே, குடத்தைத் தூக்கிக்கொண்டே சொன்னாளே. நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? மூன்று என்று அமுக்கிச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

தவணையைக் கட்டினேனா இல்லையா என்று ரசீதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அக்டோபர் 30, வியாழன்

சித்தி கதவைத் திறக்கவில்லை. வாசலில் நின்றே சொன்னேன், தெருவுக்குக் கேட்டாலும் கேட்கட்டும் என்று நினைத்தேன். உன் பணம் எங்கேயும் போகவில்லை, சங்கத்தில் கிடக்கிறது, புத்தகத்தை எடுத்துக்கொண்டு வா. அப்புறம் சேலை மாற்றிக்கொண்டு வெளியே வந்தாள். மினிபஸ்ஸில் தள்ளித்தான் உட்கார்ந்தாள்.

புத்தகத்தில் அச்சடித்துக் கொடுத்தார்கள். செப்டம்பர், அக்டோபர், இரண்டும் அதே பதினைந்தாம் தேதியில். மெசேஜ் ஏன் வரவில்லை என்றால், கணக்கு ஆரம்பித்தபோது மகன் நம்பரைக் கொடுத்திருக்கிறாள். அவன் அந்த சிம்மைத் தூக்கிப் போட்டு எத்தனையோ நாளாகிறது.

சித்தி அந்த அச்சை விரலால் தடவிப் பார்த்தாள். "அப்போ நான் எதுக்குட்டி அந்த உரக்கடைக்காரன்கிட்டப் போயி நின்னேன்?" என்றாள். வரும்போது பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் கையைப் பிடித்திருந்தாள்.

நவம்பர் 2, ஞாயிறு

சித்தி காதில் கம்மல், அடகிலிருந்து மீட்டுவிட்டாள். ஊருக்கு அது போதும். சங்கிலிப்பாண்டி போன் போட்டதும் பணம் வந்துவிட்டது என்று எல்லா வாயிலும் ஒரே பேச்சு. அண்ணாச்சி மறுக்கவில்லை. "நம்ம கையில என்ன இருக்கு, எல்லாம் தலைவரு மனசு" என்று கும்பிட்டாராம்.

சித்தியும் மறுக்கவில்லை!

போய்க் கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். பாஸ் புத்தகத்தைக் குழாயடியில் நாலு பேருக்குக் காட்டினால் போதுமே, என் பேர் நேராகிவிடுமே. அவள் அடுப்பை விட்டுத் திரும்பவில்லை. வீடு கட்டுகிற திட்டத்துக்கு மனுக் கொடுத்திருக்கிறாள், கூரை இரண்டு மழை தாங்காது, சங்கிலிப்பாண்டி தயவு வேண்டாம், தடுக்காமல் இருந்தாலே போதும் என்றாள்.

"ஒம் பேரு நேராவணும்னா அவன் பேரு கோணலாவும். எனக்குக் கூரை வேணும்ட்டி."

அப்போ எனக்கு? எனக்கு யாரும் வேண்டாமா? கேட்கவில்லை. வந்துவிட்டேன். அவள் சொல்வதில் தப்பு இருக்கிறதா என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். இல்லை. அதுதான் இன்னும் கோபமாக இருக்கிறது.

நவம்பர் 19, புதன்

குழுக் கணக்கைப் பேபி மதினி எழுதுகிறாளாம். எழுதட்டும்.

டிசம்பர் 15, திங்கள்

போனில் மெசேஜ் சத்தம். இவருக்கு வந்த லோடு விவரம் என்று நினைத்துத்தான் எடுத்தேன்.

எனக்கு. ஆயிரம். என் பெயர், என் கணக்கு. மேல்முறையீடு தூக்கம் கலைந்து எழுந்துவிட்டது.

உள்ளபடியே எழுதுகிறேன், இது நான் மட்டும் படிக்கிற நோட்டு. அடுக்களையில் நின்று சிரித்தேன். ஓடிப் போய் இவரிடம் காட்டினேன். வேன் தவணையில்லை, அரிசியில்லை, யாரையும் கேட்காமல் எனக்கென்று செலவழிக்க ஒரு ஆயிரம். காய்கறி நறுக்கும்போது டிவியில் அந்தத் தலைவர் வந்தார். நல்ல மனுஷன்தான், முகத்தில் ஒரு களை இருக்கிறது என்று நினைத்தேன். நினைத்த பிறகுதான் கத்தி நின்றது. ஆகஸ்டில் இவருக்கு இரண்டு மார்க் போட்டவள் நான். இப்போது கேட்டால் ஏழாவது சொல்வேன். பன்றி அப்படியேதான் இருக்கிறது, பஸ் அப்படியேதான் வருகிறது. ஒரு மெசேஜுக்கு ஐந்து மார்க்.

இது நன்றியா, விலையா? சுடலைச்செல்வி மதினி கண் கலங்கியதை நிஜம் என்று எழுதினேனே, அப்படியென்றால் என்னுடையதும் நிஜம்தானா?

டிசம்பர் 17, புதன்

சங்கிலிப்பாண்டி அண்ணாச்சி வாசலில் பைக்கை நிறுத்தினார். பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற குரலில், "என்ன தாயி, பணம் வந்துட்டுல்லா? நான்தான் ஒம் பேரைச் சொல்லி வச்சேன்" என்றார்.

என் மனுவை நான் எழுதினேன், நான் பதிவேற்றினேன், தாலுகா ஆபீசுக்கு நான் நடந்தேன். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அடுத்த தடவை வேன் கதையை யாராவது கிளறினால்? ரொம்ப நன்றி அண்ணாச்சி என்று வந்தது. சிரிப்பும் கூடவே வந்தது. அவர் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு நின்றேன். எதிர்வீட்டுக்கு வந்திருந்த சீனித்தாய் சித்தி சன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள் என்று அப்புறம்தான் தெரிந்தது. அவள் என்னைக் கேலியாகப் பார்க்கவில்லை.

ஜனவரி 12, திங்கள்

பிரேமலதா மேடம் போன். இரண்டாவது சுற்றாம், அதே வீடுகள், அதே கேள்விகள். மாட்டேன் என்று சொல்ல நினைத்து, வேறு யாரையாவது அனுப்பினால் சித்தி வீட்டில் என்ன கேட்பார்களோ என்று தோன்றியது. சரி என்றேன்.

ஜனவரி 21, புதன்

எல்லா வீட்டுக்கும் போய் வந்தேன். கதவெல்லாம் திறந்தது. பேபி மதினி இந்தத் தடவை ஸ்கூட்டரை மூடவில்லை. எனக்கும் பணம் வருகிறதல்லவா, இனி நான் அவர்களில் ஒருத்தி. காபிகூடக் கொடுத்தாள். பத்து என்றாள்.

சித்தி வீட்டைக் கடைசிக்கு வைத்திருந்தேன். போனைக் காட்டி, அது பேசுவதைப் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று சைகையில் கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன். கொஞ்சம் குனிந்து, போனுக்கு மட்டும் சொல்வது போல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "பத்து. தலைவருக்குப் பத்து மார்க்."

முன்பு மூன்று போட்ட வீடு என்பதால் ஆப் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டது. மார்க் கூடியதற்குக் காரணம் என்ன? ரோடு, தண்ணீர், பண உதவி, மற்றவை. பண உதவி என்று அவளே சொன்னாள். பொய் என்று அதை எப்படிச் சொல்வது. அமுக்கினேன். அனுப்பினேன். சாயங்காலம் மேடம் போன் செய்து, உங்க ஊரில் ஆதரவு நன்றாக ஏறியிருக்கிறது, அந்த மூன்று மார்க் வீடுகூட மாறிவிட்டதே என்று சந்தோஷப்பட்டார்.

அதற்கு முன்னால் நடந்ததை எழுத வேண்டும். ஆப்பை மூடிவிட்டு எழுந்தேன். சித்தி கையைப் பிடித்து உட்கார வைத்தாள். போன் அணைந்துவிட்டதா என்று இன்னொரு தடவை கேட்டாள். அணைத்துக் காட்டினேன்.

"மூணுதான்ட்டி" என்றாள். "நேத்துகூட ஓடைப் பக்கத்து ரெண்டு வரிசைப் பயிரையும் பன்னி சாச்சிட்டு. வேலி வந்தா நாலாக்குவோம்."

நான் தலையாட்டினேன். எழுந்து வாசல் வரை வந்தவள், அந்தப் பச்சைச் சேலை இன்னும் கிடக்கிறதா, கிடந்தால் கொடு, கிழக்கு மூலை திறந்து கிடக்கிறது என்றாள். பெட்டியின் அடியில்தான் வைத்திருந்தேன். சுங்கடியையும் சேர்த்துக் கொடுத்தேன். இருட்டுவதற்குள் இரண்டு பேருமாகப் போய்க் கட்டிவிட்டு வந்தோம்.

ஆப்பில் பத்து போய்விட்டது. இங்கே எழுதி வைக்கிறேன்: சீனித்தாய் சித்தி, மூன்று.